எட்டாவது கிழிசல்

கண்ணு,

உன் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தாய். புத்தகம் என்று நான்தான் சொல்கிறேன். ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து, பங்க் பாட்டுக் கேட்கிறவர்கள் கைமாற்றிப் படிக்கும் பத்துப் பன்னிரண்டு தாள் அது. "அருள் மாமாவோட தங்கச்சியா எழுதும்மா. ஞாபகம் இருக்கறதை எழுது, ஒரு பக்கம் போதும்" என்றாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கோவிலில் கொடுக்கிற மாதப் பத்திரிகையைப் படித்துப் படித்துப் பிடித்துவைத்துக்கொண்ட தமிழ் இது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், ஆனால் எதையும் வெட்டாதே. வியாழக்கிழமை உனக்கு விமானம். பெட்டி திறந்தபடி கட்டில்மேல் கிடக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறையில், அருள் மாமாவின் வெள்ளைச் சட்டை இருக்கிறது. உலகத்தின் பல ஊர்களிலிருந்து பங்க் பையன்களும் பெண்களும் போட்டுக் கிழித்த சட்டைகளை, ஒட்டிய நோட்டீசுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஓர் அறை நீ படிக்கப்போகிற பல்கலைக்கழகத்தில் இருப்பதாகச் சொன்னாய். அங்கே அதை வைக்கப்போகிறாய். அந்தச் சட்டையைப் பற்றி நீ எழுதிய அறுபது பக்கமும் கூடவே போகிறது. அந்த அறுபது பக்கமும் ஒரு பொய்யின்மேல் நிற்கிறது. பொய் உன்னுடையதில்லை, என்னுடையது.

இதைத் தனியாகக் கூப்பிட்டு உன் காதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது தனியாக மட்டும் இல்லையே. அல்சூரில் அந்தச் சங்கத்து மாடியில் நீ பேசிய அன்று என்னையும் கூட்டிப்போனாய். முன்வரிசையில் உட்காரவைத்தாய். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யாரும் என்னோடு பேசிவிடக்கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன். நீ இங்கிலீஷில் பேசினாய், நடுநடுவே எனக்காகத் தமிழிலும். லண்டனில் வேலை இல்லாத பையன்கள் சட்டையைக் கிழித்து ஊக்குக் குத்தினார்கள் என்றாய். ஜப்பானில், மெக்ஸிகோவில், இந்தோனேசியாவில் அதே கிழிசல் எப்படி எப்படி மாறியது என்று படம் படமாகக் காட்டினாய். அப்புறம் ஒரு படம் போட்டாய். சுவர் முழுக்க வெள்ளைத் துணி. அதில் என் விரல் நீளத்துக்கு இருந்த தையல் ஒரு கதவு உயரத்துக்கு நின்றது. "உலகத்தில எங்கேயும் பங்க் கிழிச்சதைத் தைக்கல. இந்த ஸ்ரீராம்புரம் பையன் தைச்சான். ஏன்னா கிழிசல் மத்தவங்களுக்கு ஃபேஷன், இவனுக்கு வீட்டு நிலைமை. கிழிச்சதும் அவன் எதிர்ப்பு, தைச்சதும் அவன் எதிர்ப்பு" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, அவரே தைத்தார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. நீ சிரித்துக்கொண்டே என் பக்கம் கை நீட்டினாய். "அவரோட தங்கை இங்கேதான் இருக்காங்க. எங்கம்மா. இல்லையாம்மா?" நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நூறு பேர் பார்க்க ஆட்டிய தலைக்கு, நூறு பேர் பார்க்கத்தான் பதில் எழுத வேண்டும். அந்த ஏழு தையலும் நான் போட்டது. அருளுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவனைக் கேட்காமல், அவன் இல்லாதபோது, நான் தைத்தேன்.

என்னைப் பற்றி நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. எனக்குப் பதினான்கு வயதில் அம்மா செத்துப்போனாள். வீட்டில் அப்பா, என்னைவிட மூன்று வயது மூத்த அருள், நான். சோறாக்க ஆள் வேண்டும் என்று யாரும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. நானே நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மிஸ் ஸ்கேலால் மேசையைத் தட்டிக்கொண்டே காத்திருப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா சாவு எனக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. கேட்கவே கொடூரமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பதினாறு வயதில், பதினெட்டு என்று சொல்லிக் கார்மெண்ட்ஸில் சேர்ந்தேன். அங்கே பேச வேண்டாம், மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. கூச்சம் என்பது நல்ல பிள்ளையின் குணம் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கண்ணு, அதை நம்பாதே. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதும் ஒரு செய்கைதான். அதனால் ஆள் சாகலாம்.

அருள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தான். காலிக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. கன்டோன்மெண்ட் பக்கத்துக் காலேஜ் பையன்கள் வெளிநாட்டிலிருந்து வந்த கேசட் கொண்டுவந்து பிரதி எடுக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு ஒன்று எடுக்கும்போது இவன் தனக்கும் ஒன்று எடுத்துக்கொள்வான். அப்படித்தான் அந்தச் சங்கீதம் எங்கள் சந்துக்குள் வந்தது. எனக்கு அது சங்கீதமாகவே படவில்லை. தகரக் கொட்டகைமேல் கல் எறிந்த மாதிரி இருந்தது. "என்னா அண்ணா கத்தறாங்க?" என்று கேட்டேன். "உனக்குப் பதிலாத்தான் கத்தறாங்க, ஊமைக்கோட்டான்" என்றான். அந்தக் காலேஜ் பையன்கள் மூன்று பேரோடு சேர்ந்து 'மூட்டைப்பூச்சி' என்று ஒரு குழு ஆரம்பித்தான். கிடார் வாசித்த நவீன் அங்கிளைத்தான் உனக்குத் தெரியுமே, உனக்குப் புகைப்படம் கொடுத்தவர். அவர்கள் வாசிப்பார்கள், இவன் தமிழில் கத்துவான். தலையை இரண்டு பக்கமும் மழித்து, நடுவில் மட்டும் முடி விட்டு, துணி துவைக்கிற சோப்பை ஈரத்தில் குழைத்துப் பூசி நிமிர்த்திவைத்திருப்பான். ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் நுரை வழிய வந்து நின்றான். "தலையில என்ன துவைக்கற கல்லா வெச்சிருக்கே?" என்று அப்பா கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது எனக்கு அது ஒன்றுதான் நினைவிருக்கிறது.

உன் தாத்தா மாநகராட்சியில் தெருக் கூட்டினார். வேலைக்குப் போகும்போது கிழிந்ததைப் போடுவார், வேறு எதுவும் அந்த வேலைக்கு நிற்காது. திரும்பி வந்ததும் குளித்துவிட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தெருமுனைக்கு டீ குடிக்கப் போனாலும் அதைத்தான் போடுவார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அருளுக்கும் சிக்பேட்டையில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினார். நடுராத்திரிப் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு அருள் அப்பா பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அப்பா அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஜனவரியில் ஒரு காலேஜ் விழாவில் மூட்டைப்பூச்சிக்கு மேடை கிடைத்தது. அதற்கு முந்தின வாரம் அருள் அந்தச் சட்டையைத் தரையில் விரித்து, பிளேடால் ஏழு இடத்தில் கிழித்தான். நெஞ்சில் இரண்டு, பாக்கெட்டில் ஒன்று, முதுகில் மூன்று, இடது கையில் ஒன்று. கிழித்த இடத்தில் ஊக்குகள் குத்தினான். அப்பா வந்து பார்த்தார்.

"நான் குப்பை அள்றவன்டா. கந்தல் என் யூனிபாரம். குப்பை அள்றவன் புள்ள கந்தலாத்தான் அலைவான்னு நாலு பேரு சொல்லணுமா?"

"அதைத்தான்பா பாடறேன்" என்றான் அருள்.

"என்னத்தைப் பாடறே?"

"நீங்க அள்றதை."

அப்பா அடிக்கவில்லை. "இதை நான் தைக்க வெக்கலேன்னா பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். எங்கள் சந்து முனையில் ஒரு டெய்லர் கடை இருந்தது. அப்பா அங்கேதான் கொடுக்கப்போகிறார் என்று அருள் சட்டையை ஒளித்துவைத்தான். என் துணிகளுக்கு அடியில்தான் வைத்தான். வீட்டில் நம்பி வைக்கக்கூடிய இடம் அதுதான் என்று நினைத்திருப்பான்.

நிகழ்ச்சி அன்று ஞாயிற்றுக்கிழமை. அருள் ஒத்திகைக்குப் போயிருந்தான், அப்பா காலை டியூட்டி. நான் பூசைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையை எடுத்தேன். அப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். நாளைக்குக் கார்மெண்ட்ஸ் லைனில் யாராவது "உங்கண்ணன் கந்தல் போட்டுக்கிட்டு மேடையேறினானாமே" என்று கேட்டால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வேன் என்ற பயமும் இருந்தது. ஊக்குகளைக் கழற்றினேன். சட்டையின் அடி மடிப்பைப் பிரித்து, அதே துணியின் நூலை இழை இழையாக உருவி, அந்த இழையாலேயே மேலும் கீழுமாகப் பின்னிப் பின்னி ஏழு கிழிசலையும் மூடினேன். அதை ரஃபூ என்பார்கள். தொட்டால் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். உன் அறுபது பக்கத்தில், 'தையலின் பொறுமையே அவனுடைய கோபம்' என்று எழுதியிருக்கிறாய். நீ படித்துக்காட்டியபோது எனக்கு உடம்பு கூசியது. அதில் கோபமே இல்லை கண்ணு. எப்போது கதவு தட்டப்படுமோ என்று பயந்து பயந்து தைத்த தையல் அது.

மதியம் அருள் வந்தான். சட்டையை எடுத்துப் பார்த்தான். அப்போது அப்பாவும் உள்ளே வந்தார். அருள் சட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "டெய்லர்கிட்ட குடுத்துட்டீங்க இல்ல?" என்றான். அப்பா சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், விரலில் ஊசி குத்திய இடத்தை வாயில் வைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. "ஆமாண்டா, நான்தான். என்ன பண்ணுவே?" என்றார் அப்பா. "நான்தான் அண்ணா" என்று அந்த இடத்தில் இரண்டே சொல் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் எழுந்து நின்றபோது வராத குரல், அன்றைக்கும் வரவில்லை. அருள் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு, இரண்டு துணியைப் பையில் திணித்துக்கொண்டு போனான். அப்பா வாசல் வரைகூடப் போகவில்லை.

மேடையில் அவனை எல்லோரும் கேலி செய்தார்களாம். நவீன் அங்கிள் உன்னிடம் சொன்னாரே, "மச்சான், கோவிலுக்குப் போற மாதிரி வந்திருக்கே" என்று தான் சிரித்ததாக. மறுபடி கிழித்துவிடு என்று பிளேடு நீட்டியதாகவும் சொன்னார். அருள் வேண்டாம் என்றானாம். நீ அதைத்தான் பிடித்துக்கொண்டாய். தானே தைத்ததால் கிழிக்க மறுத்தான் என்று எழுதினாய். அவன் ஏன் மறுத்தான் என்பது எனக்கும் பல மாதம் தெரியாது. தெரிந்தபோது அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கேசட் கடையும் மூடிவிட்டது. காலேஜ் பையன்கள் பரீட்சை எழுதி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், அவர்களுக்குப் போக இடம் இருந்தது. இவன் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்கிற கூட்டத்தோடு சேர்ந்தான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்பா கேட்டுக்கொண்டார். அவருக்குப் போட்ட சோறு பாதி அப்படியே இருக்கும். நான் தினமும் பஸ்ஸில் போகும்போது, 'அப்பா இல்லை, நான்தான்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸில் நன்றாக வரும்.

ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வருகிறோம். எதிரே, மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு அருள் நிற்கிறான். மெலிந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முடி மட்டும் அப்படியே நிமிர்ந்து நின்றது, நுனியில் பெயிண்ட். என் லைனில் மஞ்சுளா என்று ஒரு பெண் இருந்தாள், நல்லவள், வாய் மட்டும் ஓயாது.

"ஏய், அல்லி நோடே! யாருடி அது, ஹுஞ்ச மாதிரி கொண்டை வெச்சிக்கிட்டு? கூவுமா?"

ஹுஞ்ச என்றால் கன்னடத்தில் சேவல். எல்லோரும் சிரித்தார்கள். "உன்னையேதானேடி பாக்கறான்! தெரிஞ்சவனா?" என்றாள் மஞ்சுளா.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவன் காதில் விழுகிற தூரத்தில்தான் சொன்னேன். அவன் முதுகை நிமிர்த்தி ஓர் அடி முன்னால் வைத்திருந்தான், அந்த அடியைப் பின்னால் எடுத்து வைத்தான். நான் பெண்களோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அன்றைக்கு மட்டும் குரல் வந்தது பார், அதுவும் தெளிவாக. கோவிலில் குருத்து ஞாயிறு அன்று பாடுகளின் வாசகம் வாசிப்பார்களே, பேதுரு அந்த முற்றத்தில் நின்று ஆண்டவரைத் தெரியாது என்று மறுக்கிற இடம் வரும்போது நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். நீ சின்ன வயதில், "ஏம்மா அழறே?" என்று கேட்டிருக்கிறாய். தூசி என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் தாத்தா என்னைக் கூப்பிட்டு அந்தப் பையைக் கொடுத்தார். "உன் அண்ணனாமே. வர்ற சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னு சொன்னான்மா" என்றார். பாத்ரூமில் போய்ப் பிரித்தேன். அதே வெள்ளைச் சட்டை. வேறு சட்டை இல்லாமல் அதையே வேலைக்கும் போட்டிருக்கிறான். நீ 'திட்டமிட்ட வண்ணம்' என்று எழுதியிருக்கும் அந்த நீலக் கறை சுவர் பெயிண்ட். ஏழு தையலும் அப்படியே இருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. வலது தோளில் புதிதாக ஒரு கிழிசல், பிளேடால் கிழித்தது இல்லை, கயிறு உராய்ந்து உராய்ந்து துணி நைந்து போனது. பையின் அடியில் ஒரு வெள்ளை நூல்கண்டு.

அந்த நூல்கண்டை நீ பார்த்ததில்லை. அதை மட்டும் தனியாக, தையல் மெஷின் இழுப்பறையில், பழைய பட்டன்களுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏனென்றால் அதைப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும். டெய்லர் தைத்தார் என்று நினைத்திருந்தால் அவன் ஏன் என்னிடம் கொண்டுவருவான்? சின்ன வயதில் அவன் பள்ளிக்கூட டிராயரைத் தைத்ததும் நான்தான். என் கைத்தையல் அவனுக்குத் தெரியும். மேடையில் பிளேடு நீட்டியபோதே தெரிந்திருக்கிறது. அப்பாமேல் கோபித்துக்கொண்டு போனவனுக்கு, போகிற வழியிலேயே விளங்கியிருக்கும். அப்புறம் வீட்டுக்குத் திரும்பிவர ஒரு சாக்கு வேண்டும். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. ஒரு கிழிந்த சட்டையும் ஒரு நூல்கண்டும் கொண்டுவந்து கொடுத்தான். இதற்குமேல் ஒருவன் எப்படிக் கேட்க முடியும்?

அந்த வாரம் முழுக்க சட்டை என் துணிகளுக்கு அடியிலேயே கிடந்தது. அரைமணி நேர வேலை. அப்பா பார்த்துவிடுவாரோ என்று ஒரு நாள், நாளைக்குத் தைக்கலாம் என்று ஒரு நாள். உண்மையான காரணம் வேறு. தைத்தால் சனிக்கிழமை அவனிடம் கொடுக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே, அத்தனை பெண்கள் பார்க்க, 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன ஆளிடம் போய் நிற்க வேண்டும். சனிக்கிழமை வயிற்றுவலி என்று பர்மிஷன் கேட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் வந்து, கேட் சாத்துகிறவரை நின்றிருந்துவிட்டுப் போனானாம். புதன்கிழமை காலை இரண்டு பேர் வந்து, ஐந்தாவது மாடிச் சுவரில் தொங்கவிட்டிருந்த பலகையின் கயிறு அறுந்துவிட்டது என்று சொன்னார்கள்.

சவப்பெட்டியில் வைக்கும்போது அப்பா தன்னுடைய இஸ்திரி போட்ட சட்டையைத்தான் அவனுக்குப் போட்டார். கழுத்துப் பட்டனை அவரே போட்டார், மூன்று தடவை தவறியது. முடியை வெட்டிவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அதை யாரும் தொடக்கூடாது" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். உன்னைத் தூக்கி வளர்த்தார். கடைசியாகப் படுத்திருந்தபோது ஒருநாள் கேட்டார், "அந்தச் சட்டை எங்கம்மா போச்சு?" அவர் கேட்டது சட்டையை இல்லை. நான் வாயைத் திறந்து, 'அப்பா, உங்கமேல தப்பில்லை, அவனுக்குத் தெரிஞ்சுதான் இருந்தது, உங்ககிட்ட திரும்பி வரத்தான் வந்தான்' என்று சொல்வேனா என்று கேட்டார். "தெரியலைப்பா" என்றேன். தன் பிள்ளையைத் தானே விரட்டிவிட்டோம் என்ற நினைப்போடு அவர் செத்தார். என் பழியைத் தூக்கிக்கொண்ட மனிதருக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான். அடுப்படியில் நின்றது ஒன்று, கேட்டில் ஒன்று, அப்பா கட்டில் பக்கத்தில் ஒன்று. பேதுருவுக்கு மூன்று தடவைதான். எனக்கு அல்சூர் மாடியில் நான்காவது.

நீ கெட்டிக்காரன் கண்ணு. உலகத்து பங்க் எல்லாம் உனக்குத் தெரியும். எந்த ஊரில் எந்தப் பாட்டுக்கு போலீஸ் யாரை அடித்தது என்று சொல்வாய். ஒருநாள் நான் சோறு பிசைந்துகொண்டே உன்னைக் கேட்டேன், "இத்தனை பேரைப் பத்தி எழுதியிருக்காங்களே, அவங்க சட்டையைத் துவைச்சவங்க யாரும் எதுவும் எழுதலையா?" நீ சிரித்துவிட்டு, "அம்மா, பங்க்னாலே வீட்டை விட்டு வெளிய வர்றதுதான்" என்றாய். உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான்: வெளியே வந்தவனை மட்டும் பார்க்காதே, அவன் வந்த கதவுக்கு உள்ளே நின்றவர்களையும் போய்க் கேள். கேட்கும்போது நூறு பேர் முன்னால் கேட்காதே. தனியாகக் கேள். சொல்ல மாட்டாள், மறுநாளும் போ. என்னைப் போன்ற ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள், தலையை ஆட்டிவிடுவார்கள். நீ என்னைத் தனியாக ஒருமுறைதான் கேட்டாய். "யாரும்மா தைச்சது?" "அவனே தைச்சிருப்பான்." அதற்குமேல் நீ கேட்கவில்லை, ஏனென்றால் அந்தப் பதில் உனக்கு அழகாக இருந்தது. எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. நான் அதில் இல்லை.

எட்டாவது கிழிசலைப் பற்றி நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். ஏழையும் தைத்துவிட்டு ஒன்றை மட்டும் வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறான், ஆறாத காயத்தின் அடையாளம் அது என்று. உன் பேராசிரியருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்றாய். அந்தப் பக்கங்களுக்காகத்தான் உனக்கு அங்கே இடம் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும். இதைப் படித்த பிறகு நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. அறுபது பக்கத்தையும் கிழிக்க வேண்டி வரலாம். அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பிவிடவும் கூடும். அப்படி ஆனால் அதற்கும் நான்தான் காரணம், அதையும் எழுதிவைத்துக்கொள். என்மேல் கோபப்படு. சத்தம் போட்டுக் கோபப்படு, இந்த வீட்டில் யாரும் அதைச் சரியாகச் செய்யவில்லை. ஆனால் செத்துப்போனவன் செய்யாத ஒன்றை அவன் பேரில் கண்ணாடிக்குள் வைக்காதே.

இப்போது நான் லைனில் செக்கராக இருக்கிறேன் இல்லையா, தைத்து வரும் பீஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. தைத்தவள் அதைப் பார்த்துத் திருத்த வேண்டும். நேற்று அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்றை ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்தேன். நீ வெளியே போயிருந்தபோது சட்டையை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். என் ஏழு தையலிலும் ஏழு அம்பு ஒட்ட வேண்டும் என்றுதான் எடுத்தேன். முதல் ஸ்டிக்கரை உரித்து விரலில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பிறகு அந்த ஏழிலும் ஒட்டவில்லை. அவற்றை அவன் பார்த்தான், போட்டுக்கொண்டான், பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தான். அவன் பாஸ் பண்ணிய பீஸில் தப்பு எடுக்க எனக்கு உரிமை இல்லை.

வலது தோளில், எட்டாவது கிழிசலுக்கு நேரே ஒட்டியிருக்கிறேன், ஒன்றே ஒன்று. நூல்கண்டையும் சட்டைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன், அதன்மேல் சுற்றியிருந்த கடைக் காகிதம்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்த அறையில் இருப்பவர்கள் ஸ்டிக்கரைக் குப்பை என்று நினைத்துப் பிய்க்கப் பார்ப்பார்கள். விடாதே. அது எதற்கு என்று கேட்டால், தைக்க நேரம் இருந்தும் தைக்காமல் விட்ட இடம் என்று சொல். யார் என்று கேட்டால் என் பேரைச் சொல்.

அம்மா